பழைய தராசில் எழுபத்திரண்டு

வேண்டாம் தம்பி, நீங்கள் சாப்பிடுங்கள். வறுத்த கடலையை நான் தொடுவதில்லை. அவித்தது என்றால் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வேன், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு. இப்போது ஒன்பதரைதானே ஆகிறது? பதினோரு மணிக்கு எனக்கு வெள்ளரிக்காய். பையில் இருக்கிறது. அந்தப் பையைக் காலால் நகர்த்தப் பார்க்காதீர்கள், நகராது. உள்ளே பத்துக் கிலோ கல் ஒன்று இருக்கிறது. எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். திருச்சி போக இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறதே.

நோய் எல்லாம் ஒன்றும் இல்லை. சட்டை இப்படித் தொங்குவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டீக்கடை வைரவன் நேராகவே கேட்டான், "என்ன அங்கமுத்து, ஆஸ்பத்திரியில நாள் குறிச்சுட்டாங்களா?" என்று. அவன் கடைக்குப் போவதை அன்றோடு விட்டுவிட்டேன். எனக்கு அது ஒரு குணம். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு சரி.

இந்தச் சட்டை தைக்கும்போது நான் எண்பத்துமூன்று கிலோ. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பட்டன் போட வேண்டும். காலையில் எட்டு இட்லி, பத்து மணிக்கு வைரவன் கடையில் ரெண்டு வடை, மத்தியானம் சோறு, நாலு மணிக்குப் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா. மூட்டை தூக்குகிற உடம்பு, தின்றால்தான் நிற்கும் என்று சொல்லிக்கொள்வேன். மூட்டை தூக்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, அது வேறு. துறையூர் பக்கம் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுவதுதான் என் வேலை. முப்பத்தாறு வருஷம். படிப்பு மூன்றாவதோடு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எடை தப்பாது. மூட்டையைப் பார்த்தே நாற்பத்தொன்பதா ஐம்பத்தொன்றா என்று சொல்லிவிடுவேன். என் பெயரே எடைக்கார அங்கமுத்துதான்.

எதற்கு இளைத்தேன் என்கிறீர்களா? தம்பிக்காக. கூடப் பிறந்தவன், சின்னையன். நாலு வயசு இளையவன். அவனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் இதே பஸ்ஸில் திருச்சிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போவான். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை. மகள் சுகுணா கொடுக்கிறேன் என்றது. கல்யாணம் ஆகாத பெண், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது நான்.

எனக்கும் அவனுக்கும் பதினாறு வருஷமாகப் பேச்சு இல்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைப்பீர்கள். அவன் என்னைத் திருடன் என்று சொன்னான். பத்துப் பேர் பார்க்க, என் மண்டியில் வைத்து.

எங்களுடையது மேடைத் தராசு. கீழே பலகை, மேலே கம்பி, கம்பியில் ஒரு குண்டு. மூட்டையைப் பலகையில் வைத்து, கம்பி சமமாக நிற்கிற வரைக்கும் குண்டை நகர்த்த வேண்டும். குண்டு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் எடை. வெங்காயம் என்றால் மண் ஒட்டியிருக்கும், தாள் இருக்கும், ரெண்டு நாள் வைத்தால் காய்ந்து குறையும். அதற்குக் கழிவு உண்டு. மூட்டைக்கு மூட்டை வாய்விட்டுக் கழிவு கேட்டால் விவசாயியோடு சண்டைதான் மிஞ்சும். அதனால் முதலாளி ஒரு நாள், "அங்கமுத்து, குண்டுல கொஞ்சம் ஈயம் ஊத்திடு" என்றார். நான்தான் ஊற்றினேன். குண்டு கனத்துவிட்டால் எண் குறைவாக நிற்கும். ஐம்பது கிலோ மூட்டை நாற்பத்தெட்டு காட்டும். அது திருட்டு இல்லை தம்பி. கழிவு. கழிவு வேறு, திருட்டு வேறு. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சின்னையன் அந்த வருஷம் பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்தான். வருகிற வழியில் சொசைட்டியில் எடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல். அண்ணனிடம் கொண்டுவருகிறவன் எதற்கு வேறு இடத்தில் எடை போட வேண்டும்? அங்கேயே ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

நான் எடை போட்டு முடித்ததும், "அண்ணே, மூட்டைக்கு ரெண்டு கிலோ எங்க போச்சு?" என்றான்.

"வழியில உதிர்ந்திருக்கும்" என்றேன்.

"பன்னெண்டு மூட்டையும் சொல்லிவெச்ச மாதிரி ரெண்டு ரெண்டு கிலோவாவா உதிரும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே இறங்கி வந்தான். "உன்னைச் சொல்லலண்ணே. உன் கை சுத்தம்தான். தராசுதான் பொய் சொல்லுது" என்றான்.

நீங்கள் என்னவோ கேட்க வருகிறீர்கள். திருடன் என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லையே என்றுதானே? என் பெண்டாட்டி மருதாயியும் பதினாறு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தராசைச் சொன்னால் என்ன, என்னைச் சொன்னால் என்ன? அந்தத் தராசும் நானும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சுகுணாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். மருதாயி தட்டு எடுத்துக்கொண்டு போனாள், நான் போகவில்லை. அவன் எதிரே வந்தால் நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவேன். வெங்காயத்தை வேறு மண்டிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தான். போகட்டும் என்று விட்டேன்.

பிறகு போன ஆடியில் சுகுணா வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், விவரமானது. வந்து நின்று, "பெரியப்பா, அப்பா கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்" என்றது.

"அவனுக்கு வேணும்னா அவன் வந்து கேக்கட்டும்" என்றேன்.

மருதாயி உள்ளே இருந்து, "அந்தாளுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. நடந்து வரணுமாக்கும்? பரோட்டாக் கடைக்கு நடக்கறீங்கல்ல, அதே தூரம்தான்" என்றாள். 

பிறகு சரி என்று சொன்னேன். பாசம் பொங்கிச் சொன்னதாக நினைக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். திருடன் கொடுத்தது தன் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அவன் சாகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் சரி என்றேன்.

ரத்தம் பொருந்தியது. எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பலகையில் ஏறச் சொன்னார்கள். குண்டும் இல்லை, கம்பியும் இல்லை. ஏறி நின்றால் சிவப்பாக எண் வருகிறது. எண்பத்துமூன்று. டாக்டர், "இந்த எடையோட உங்களை மேசையில படுக்கப்போட முடியாது. எழுபத்திரண்டுக்கு வாங்க, அப்புறம் தேதி குறிக்கலாம்" என்றார். உணவுக்கென்று ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தது. அது என்னைத் தாத்தா என்றது. எனக்கு ஐம்பத்தேழு வயசு தம்பி. ஒரு சீட்டைக் கொடுத்து, திங்கட்கிழமை தோறும் எடையைப் போனில் சொல்லச் சொன்னது. "வீட்டுல மெஷின் இருக்கா தாத்தா?" என்றது. எடை போடறதுதான் என் தொழிலே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுகுணாதான் சீட்டை வாசித்துச் சொன்னது. மறுநாள் விடியற்காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தேன். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டது. குடித்துவிட்டு மண்டிக்குப் போனேன். இப்போது அங்கே கரண்ட் தராசு வந்துவிட்டது. அதில் நான் ஏறமாட்டேன். பழைய தராசு குடோன் மூலையில் கிடந்தது. சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறி நின்றேன், குண்டை நகர்த்தினேன். எண்பது.

ஒரே நாளில் மூன்று கிலோ. ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீருக்கு. திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அதுவே அசந்துவிட்டது. "முதல்ல உடம்புல இருக்கற தண்ணி குறையும் தாத்தா, அப்படித்தான்" என்றது. கொள்ளு என்ன செய்யும் என்று அதற்கு எங்கே தெரியப்போகிறது?

நீங்களும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்பத்தெட்டு இருப்பீர்கள். எண்பத்தேழரையா? பார்த்தீர்களா, எடை எனக்குத் தப்பாது. உங்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்கக் கூடாது. பசிக்கிறதுக்கு முன்னாலேயே எதையாவது கொஞ்சம் தின்றுவிட வேண்டும். அடுப்புகூட வேண்டாம். கெட்டி அவல் ஒரு பிடி, நன்றாக அலசி, நீர்மோரில் ஊறப்போட்டு, பச்சைமிளகாயும் இஞ்சியும் கிள்ளிப்போட்டால் கால் மணி நேரத்தில் காலைச் சாப்பாடு. குடோனிலேயே செய்துகொள்வேன். மத்தியானம் சோறு ஒரு கரண்டி, சுரைக்காய்க் கூட்டு ரெண்டு கரண்டி. அளவை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முட்டை ரெண்டு அவித்து வெள்ளையை நான் தின்பேன், மஞ்சளை மண்டி நாய் தின்னும். அது இப்போது ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கிறது. சாயங்காலத்துக்குத் தட்டைப்பயறுச் சுண்டல், இல்லையென்றால் முளைகட்டிய பச்சைப்பயறு, எலுமிச்சை பிழிந்தது.

எல்லாவற்றையும் விட என்னைக் கேட்டால் பொரிதான். ரெண்டு கை பொரி, ஒரு தக்காளி, கொத்தமல்லி, சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கி. மண்டியில் வெங்காயத்துக்கா பஞ்சம்? கலந்த உடனே தின்றுவிட வேண்டும். விட்டால் நமுத்துப்போகும். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், வாயில் போட்டால் சத்தம் வரும், வயிறு நம்பிவிடும். வடை தின்ற காலத்தில் நான் எதையும் ருசி பார்த்துத் தின்றதாக ஞாபகம் இல்லை. பொரியை ஒவ்வொன்றாகத் தின்றேன்.

இதெல்லாம் யார் அனுப்பியது என்று நினைக்கிறீர்கள்? அவித்தது, முளைகட்டியது எல்லாம் சின்னையன் வீட்டில் இருந்து வரும். சுகுணா வேலைக்குப் போகும்போது தூக்குவாளியில் வைத்துவிட்டுப் போகும். அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சொன்னவன்தான் நான். ஆனால் இது அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது ஆகாது. நான் தின்றது குடோனில்.

நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ, ஒரு செவ்வாய்க்கிழமை, திருச்சியில் இருந்து திரும்புகிற வழியில் அவனே மண்டியில் இறங்கிவிட்டான். குடோன் வாசலில் வந்து நின்றான். முகம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"தின்னுண்ணே. நான் பாத்துட்டுப் போறேன்" என்றான்.

அவனுக்குப் பயறு ஆகாது. வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது, உப்பு ஆகவே ஆகாது. தண்ணீர்கூட அளந்துதான். எனக்கு ஒரு சீட்டு என்றால் அவனுக்கு ஒரு சீட்டு. என் சீட்டில் இருப்பது எல்லாம் அவன் சீட்டில் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "உப்பு போட்டிருக்கா?" என்று கேட்டான்.

"போட்டிருக்கு."

"எப்படி இருக்கு? சொல்லேன்."

என்ன சொல்வது? "உப்பாத்தான் இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டினான். தானே ஒரு வாய் தின்ற மாதிரி. எழுந்து போய்விட்டான். அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வந்தான். நான் தின்பேன், அவன் கேட்பான். "இன்னிக்கு என்னண்ணே?" "பொரி." "வெங்காயம் காரமா?" "காரம்தான்." "நம்ம காட்டு வெங்காயம், காரமாத்தான் இருக்கும்." இவ்வளவுதான் பேச்சு. பழைய விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது நான் தராசில் நின்றுகொண்டிருந்தேன். எழுபத்தைந்துக்கு வந்துவிட்டேன் என்று அவனுக்குக் காட்டலாம் என்றுதான். குண்டை நகர்த்தி, எண்ணில் விரலை வைத்துக் காட்டினேன்.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்தான். "அண்ணே, இந்தத் தராசுலயா ஏர்றே?" என்றான்.

"ஏன்?"

அவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்த கரண்ட் தராசை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "ஒண்ணுமில்லண்ணே. சுண்டல் ஆறிடப்போவுது, தின்னு" என்றான்.

இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பி. தராசு தப்பாக இருந்தால் அவன் சொல்லியிருக்கமாட்டானா? சொல்லக்கூடியவன்தானே அவன்? பத்துப் பேர் நடுவில் சொன்னவன், யாருமில்லாத குடோனில் சொல்ல என்ன பயம்? சொல்லவில்லை. அப்படியென்றால் தராசு சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எதற்கு விரல் விட்டு எண்ணுகிறீர்கள்? எண்ணிக்கொள்ளுங்கள். நான் மேலே சொல்கிறேன்.

கார்த்திகையில் எழுபத்திரண்டு வந்துவிட்டேன். ஒரு இழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பெண், "சூப்பர் தாத்தா" என்றது. டாக்டர் தேதி குறித்துவிட்டார். அடுத்த புதன்கிழமை. சின்னையனும் நானும் ஒன்றாகத்தான் வந்தோம், இதே பஸ்தான், ரெண்டு பேர் சீட்டில். அவன் ஜன்னல் ஓரம். கொள்ளிடம் பாலத்தில் வரும்போது, "ஆபரேசன் முடிஞ்சதும் ரெண்டு பேரும் உப்புப் போட்டு மாங்காய் திங்கணும்ணே" என்றான். பார்க்கலாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடிப் பலகையில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். எழுபத்தைந்து.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னது நர்ஸ். எழுபத்தைந்து. செருப்பைக் கழற்றினேன், பையில் இருந்த சாவி, சில்லறை எல்லாம் எடுத்து வைத்தேன். சட்டையையும் கழற்றினேன். எழுபத்தைந்துக்கு ஒரு முடி கீழே. டாக்டர் வந்தார். "மூணு கிலோதானேன்னு விட முடியாது பெரியவரே. இது உங்க உயிரு. நீங்க சொன்ன எடையை நம்பித்தான் எல்லாம் ஏற்பாடு பண்ணினோம்" என்றார். அடுத்து இடம் கிடைக்க அஞ்சு வாரம் என்றார்கள்.

"உங்க மெஷின் அதிகமாக் காட்டுதுங்க" என்றேன். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டது. சுகுணா மட்டும், "பெரியப்பா, நீங்க எதுல பார்த்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டது. மண்டியில் என்றேன். அது திரும்பி அதன் அப்பாவைப் பார்த்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தான். கண்ணைத் திறக்காமலே, "விடு சுகுணா. அஞ்சு வாரம்தானே. அண்ணன் குறைச்சிடும்" என்றான்.

அப்போதும் அவன் தராசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வாரம் அவனுக்கு நெஞ்சில் தண்ணீர் ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலையில் வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு மருதாயி குடோனுக்கு வந்தாள். அவள் மண்டிக்கு வருகிறவள் இல்லை. வந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. நான் தராசில் நின்றுகொண்டிருந்தேன். குண்டு எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவில் நின்றது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுகை வரவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கிற வரைக்கும் நெருங்கினவர்கள் சாப்பிடக் கூடாது என்பார்கள். மற்றவர்களுக்கு அது சிரமமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பழகிப்போயிருந்தது. பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய் ஞாபகம் வந்தது. நாலு மணிக்குச் சுண்டல் ஞாபகம் வந்தது. மணியைப் பார்க்காமலே எனக்கு மணி தெரிந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு இலை போட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து அவன் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வடை, பாயசம், சோறு. வடையை எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். பாயசம் வேண்டாம் என்றேன். சோற்றில் பாதியை ஒதுக்கினேன். சுகுணா பரிமாறிக்கொண்டு வந்தது. என் இலையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

"பெரியப்பா, இனிமே நீங்க சாப்பிடலாம்" என்றது.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றேன்.

கையில் இருந்த வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு அது உள்ளே போய்விட்டது. நான் என்ன தப்பாகச் சொன்னேன்? கொஞ்சம் இருந்தது உண்மைதானே. அதற்கப்புறம் அந்தப் பெண் என்னோடு பேசுவதில்லை. கடை வழியாகப் போனால் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. மருதாயி சொல்கிறாள், "உங்க வம்சத்துப் புத்தி" என்று.

தூக்கு வருவதும் நின்றுவிட்டது. பயறை நானே முளைகட்டிக்கொள்கிறேன். ஈரத்துணியில் கட்டித் தராசுக் கம்பியிலேயே தொங்கவிட்டுவிடுவேன். நன்றாகத்தான் வருகிறது. உப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். சீட்டில் அப்படி இல்லை. சும்மாதான்.

இப்போது அறுபத்தொன்பது. எங்கள் தராசில்.

கல்லைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இது முத்திரை குத்திய கல். அரசாங்க முத்திரை, அடியில் பாருங்கள், ஈயத்தில் அடித்திருக்கிறார்கள். பத்துக் கிலோ என்றால் பத்துக் கிலோதான், ஒரு நெல் எடை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இதைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடிப் பலகையில் வைக்கப்போகிறேன். பத்தரை காட்டினால் அவர்கள் மெஷின் பொய் என்று ஆகிவிடும். டாக்டரையும் சீட்டுக் கொடுத்த பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். சண்டை எல்லாம் போடமாட்டேன். சுகுணாவிடம் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் இல்லையா? அதன் அப்பன் உயிர் யாரால் போனது என்று.

முதல் தடவை இல்லை தம்பி. இது நாலாவது தடவை. போன செவ்வாய் வாசல் வரைக்கும் போனேன், கூட்டமாக இருந்தது. அதற்கு முந்தின செவ்வாய் மழை. அதற்கு முன்னால் ஒரு தடவை மாடிப்படி வரைக்கும் போய்விட்டேன். கல் கனத்தது.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், வண்டிச் சத்தம்.

எங்கள் தராசிலா? எங்கள் தராசில் இந்தக் கல்லை எதற்கு வைத்துப் பார்க்க வேண்டும்? பக்கத்திலேயே கிடக்கிறது, வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் எதற்கு? ஈயமா? ஈயம் வெங்காயத்துக்கு ஊற்றியது தம்பி. காய்கிற பொருளுக்குக் கழிவு. மனுஷனுக்கு எதற்குக் கழிவு?

என்ன, கடலையைக்கூட மடித்து வைத்துவிட்டீர்கள்.

பாலம் வந்துவிட்டது பாருங்கள். தண்ணீரே இல்லை. இங்கேதான் மாங்காய் என்றான்.

உங்களுக்குக் கணக்கு வரும் போலிருக்கிறது, அப்போதே விரல் விட்டீர்களே. ஒன்று கேட்கிறேன். எங்கள் தராசில் அறுபத்தொன்பது என்றால் அவர்கள் மெஷினில் இன்றைக்கு எவ்வளவு காட்டும்? வேண்டாம், சொல்லாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எழுபத்திரண்டு என்று சொல்லப்போகிறீர்கள். சொல்ல வேண்டாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்கள் இறங்குங்கள், எனக்காக நிற்க வேண்டாம். நான் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும், எழுப்பமாட்டார். இருபது நிமிஷத்தில் இதே வண்டி துறையூருக்குத் திரும்பும். இன்றைக்கும் கூட்டமாகத்தான் இருக்கும்.

ஒரு நிமிஷம். மணி பதினொன்று ஆகப்போகிறது. இந்தாருங்கள், வெள்ளரிக்காய் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். இளசுதான், தோல் சீவ வேண்டாம். உப்பு இல்லை. தின்றுவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.